நிக்கலின் ஆறாவது இடம்

வார்மாவே போடு என்று சொல்லிவிட்டுத்தான் பேராசிரியர் தணிகாசலம் காலையில் போயிருந்தார். வார்ம் என்றால் அடுப்புச் சூடு ஒன்றும் இல்லை, அறையில் என்ன சூடோ அதுதான். பொட்டு அளவே இருக்கும் செப்புச் சல்லடையில் பொடியைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, தாங்கியில் வைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வயிற்றுக்குள் சொருக வேண்டியது. இந்த ஆய்வகத்தில் எல்லாரும் அப்படித்தான் சொருகினார்கள், சொருகிப் பட்டம் வாங்கினார்கள், பட்டம் வாங்கி விமானமும் ஏறினார்கள். மாரீஸ்வரி சல்லடையை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சு கேட்கிற பெண்ணாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒத்துவரவில்லை. கிண்ணத்தில் புகைந்துகொண்டிருந்த திரவ நைட்ரஜனில் அதை முக்கிவிட்டாள். சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான் அவளுடைய கலகம். முக்கியாயிற்று. இனி அவர் வந்து தலைகீழாக நின்றாலும் இந்தப் பொடி இன்றைக்குக் குளிரில்தான் உள்ளே போகும். மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சுக் காற்றின் ஈரம் பட்டால்கூட வெள்ளையாகப் பூத்துவிடும். சல்லடையைக் குளிர்த் தாங்கிக்குள் இறக்கி, மூடியைத் தள்ளி, ஒரே ஓட்டமாக நுண்ணோக்கிக்குள் சொருகித் திருப்பி, வெற்றிடம் காட்டும் விளக்கு பச்சையாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சை வந்தது. மூச்சை விட்டாள். தாங்கி ஆடாமல் அடங்குவதற்கு இன்னும் நேரமாகும், அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பயப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

பயம் இல்லாமல் என்ன, நிறையவே இருந்தது. மூன்று மணிக்கு நிபுணர் குழு வருகிறது. ஆலைப் புகைபோக்கிகளில் இந்தப் பொடியை அடைத்தால் புகையிலுள்ள கரியமில வாயுவை அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்று சார் சொல்லியிருக்கிறார், அதை நம்பித்தான் பொடியை வாங்க வருகிறார்கள். புத்தம்புதிதாக ஒரு படம் வேண்டும் அவருக்கு, படத்தின் கீழே கட்டமைப்பைக் கண்டறிந்தவர் என்று மாரீஸ்வரியின் பெயர் இருக்க வேண்டும், அது நல்லபடியாக முடிந்தால் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். முடியாவிட்டால் போட மாட்டார். இதை அவர் இப்படிப் பச்சையாகச் சொல்லவில்லை. "மூணு மணிக்கு எல்லாம் நல்லபடியா முடியட்டும்மா, அப்புறம் உன் விஷயத்தைப் பார்ப்போம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பொடியில் நிக்கல் இருக்கிறது, ஒவ்வொரு நிக்கல் அணுவையும் சுற்றி ஐந்து அணுக்கள் கைகோத்து நிற்கின்றன, ஆறாவது இடம் காலி. காலி இடத்தில்தான் வாயு வந்து உட்காரும். காலி இடம், காலி இடம் என்று அவர் ஊர் ஊராகப் பேசிவிட்டார், மாலைகூடப் போட்டுவிட்டார்கள். அது காலி இல்லை. அதில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. பேருந்தில் துண்டைப் போட்டுவிட்டுப் போனவனின் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, இங்கே யாருமே இல்லையே என்று உட்காருகிற கதைதான் இது. நுண்ணோக்கிக்குள் காற்றே கிடையாது, சுத்த வெற்றிடம், அறைச் சூட்டில் பொடியை உள்ளே விட்டால் வெற்றிடம் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடுகிறது, அப்புறம் பார்த்தால் காலியாகத்தான் தெரியும். போன மாதம் பம்ப் மக்கர் பண்ணி, ஆள் வந்து சரிசெய்யும்வரை சல்லடை வீணாகாமல் இருக்கட்டுமே என்று நைட்ரஜனில் போட்டுவைத்தாள், அப்புறம் அப்படியே குளிரிலேயே சொருகினாள், அன்றைக்குத்தான் ஆறாவது இடத்தில் அந்த உருண்டை தெரிந்தது. ஓடிப்போய்க் காட்டினாள். சந்தோஷமாக ஓடினாள், அதை நினைத்தால்தான் இப்போது தன் மேலேயே எரிச்சலாக வருகிறது. சார் பார்த்தார். ஐஸ் என்றார்.

ஐஸாம். நைட்ரஜனில் முக்கும்போது காற்றின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டதாம். ஒட்டும்தான், யார் இல்லையென்றது, முதல் வருஷத்துப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் ஐஸ் தன்பாட்டுக்கு மேலே ஒட்டும், தனியாக வளையம் வளையமாகத் தெரியும், அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம். லட்சோபலட்சம் நிக்கல் அணுக்களைத் தேடிப்போய், ஒவ்வொன்றின் தலையிலும் அதே தூரத்தில், அதே சாய்வில் வந்து உட்காருமா ஐஸ்? அதற்கென்ன வேறு வேலை இல்லையா? இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்கவில்லை. ஐஸா சார், என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள், வந்து கழிப்பறையில் முகம் கழுவினாள், கண்ணாடியில் பார்த்து ஐஸ் என்று ஒரு தரம் சொல்லிப்பார்த்தாள். அப்புறம் அந்தச் சொல் போகவே இல்லை. விடுதியில் சாப்பிடும்போது ஐஸ், துணி துவைக்கும்போது ஐஸ், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. அவருக்குத் தெரியாதா? அவர் என்ன சாமானியமா, எக்ஸ்ரேக்குப் பிடிபடாத பொடிகளை எலக்ட்ரானால் பிடிக்கலாம் என்று இந்தப் பக்கத்தில் முதலில் சொன்னதே அவர்தான். கடுகைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு சின்னத் துகள், கண்ணுக்கே தெரியாது, அதன் வழியாக எலக்ட்ரானைச் செலுத்தினால் சிதறிப் புள்ளி புள்ளியாக விழும், துகளைச் சாய்த்துச் சாய்த்து எல்லாப் புள்ளிகளையும் வாங்கிக்கொண்டால் உள்ளே எந்த அணு எங்கே என்று கணக்கில் எழுந்து வரும். இதை அவர் வகுப்பில் சொன்னபோது மாரீஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது, அதில் பொய் இல்லை, அந்த ஒரு வகுப்புக்காகத்தான் வந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். அப்படிப்பட்ட மனுஷன் ஐஸ் என்கிறார். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம்.

திரை கொஞ்சம் ஆடியது, பிம்பம் இடப்பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, இன்னும் அடங்கவில்லை. தாங்கியின் வால்முனையில் குளிர்ப் புகை தரையை நோக்கி வழிந்தது. இந்நேரம் பார்த்து அப்பாவின் ஞாபகம் ஏன் வரவேண்டும், ஆனால் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் மருந்துக் கலவை போடுகிறவர், விரல்களில் அலுமினியப் பொடி ஏறி நகம் எப்போதும் வெள்ளி பூசியது போல இருக்கும், பள்ளிக்கூட விழாவுக்கு அவர் வந்தபோது மற்ற பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். ஒரு பெருமழைக்கு மறுநாள் அவர் போன வேகத்திலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். "மருந்துல ஈரம் இருக்கு, தொட மாட்டேன்னுட்டேன்" என்றார். ஈரம் பட்ட அலுமினியக் கலவை தன்னால் சூடேறும், சூடேறினால் கூரை போகும், ஆள் போகும். போர்மேன் ஈரம் இல்லவே இல்லை என்று சத்தம் போட்டிருக்கிறார், வேறு ஆளை விட்டுக் கலக்கவும் சொல்லிவிட்டார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை, அந்தப் பட்டாசெல்லாம் தீபாவளிக்கு யார் யார் வீட்டிலோ நன்றாகவே வெடித்திருக்கும். அப்பாவுக்கு வேலை போனது. டீக்கடையில் கேலி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கேலி. அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "ஊரு உலகத்துல இல்லாத கிறுக்கனைக் கட்டிட்டு நான் சீரழியிறேன்" என்று பாத்திரத்தை உருட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல், "வெடிக்கலேங்கிறதுக்காக ஈரம் இல்லேன்னு ஆயிருமா?" என்று கேட்டார். அன்றைக்கு மாரீஸ்வரிக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஏன்ப்பா, எல்லாரும் கலக்கும்போது நீயும் கலக்கிவிட்டு வந்திருக்கலாமே என்று அழுதாள். வேறு வேலை தேடி ஒரு மரக்கடையில் அவர் சேருகிற வரை வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. அவர் செய்தது சரியென்று நிரூபிக்க ஒரு கூரைகூடப் பறக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் அவளுக்குத் தாங்கவில்லை.

பிம்பம் நின்றது. இப்போது வேலை. கதிரை எவ்வளவு மங்கலாக வைக்க முடியுமோ அவ்வளவு மங்கலாக வைத்தாள், எலக்ட்ரான் அதிகம் பாய்ந்தால் துகள் கருகிச் செத்துவிடும். ஒன்றைப் பார்த்தாள், தடிமன் அதிகம். இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்தது. இன்னொன்றின் பக்கத்திலேயே நிஜமான ஐஸ், மொழுமொழுவென்று, இந்தா நான்தான் என்று உட்கார்ந்திருந்தது, பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வா தாயே, உன்னால்தான் இவ்வளவு பாடு. தள்ளிப்போனாள். கிளமென்ட் அண்ணனை நினைத்துக்கொண்டாள். இதே ஆய்வகத்தில் படித்தபோது முதன்முதல் காலி இடத்தைக் கண்டவர் அவர்தான், இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். முந்தாநாள் போனில் கேட்டுவிட்டாள், அண்ணே, குளிரில் போட்டுப் பார்த்தீங்களா என்று. "நேரம் எங்க இருந்துச்சு மாரி, எல்லாரும் வார்மாத்தான் போட்டோம்" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ குழந்தையைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. "நீ வாங்க வேண்டியதை வாங்கிட்டுக் கெளம்பு. வெளிய வந்து எழுதிக்கலாம்." எல்லாரும் வெளியே போய் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் போகிறார்கள். போனவர்கள் யாரும் எழுதக் காணோம். நல்ல மனுஷன்தான், அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கிவந்து கொடுத்தவர், அவரைத் திட்டவும் முடியவில்லை. சரி, ஒருவேளை அவர்கள் சொல்வதே சரியாக இருந்தால்? இந்த நினைப்பு வந்ததும் சுட்டியைப் பிடித்திருந்த விரல் நின்றது. இடம் நிஜமாகவே காலியாக இருந்து, சல்லடையில் தூவி முக்குவதற்குள் இந்த ஊர்க் காற்றின் ஈரத்தைப் பொடி குடித்திருந்தால்? குடித்திருக்கலாம். அப்படியென்றால் அவள்தான் முட்டாள், அவர் சொன்னது ஒரு வகையில் நியாயம், ஐஸ் இல்லாவிட்டாலும் காற்று. சுட்டியை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குடிக்கட்டுமே! சல்லடையில் தூவுகிற நேரத்துக்குள் குடித்துவிடுகிற பொடி புகைபோக்கியில் குடிக்காதா? புகையில் தண்ணீர் இல்லையா? எந்த ஆலையின் புகை வெற்றிடத்துக்குள் போகிறது? எப்படிப் பார்த்தாலும் மூன்று மணிக்கு வருகிறவர்கள் வாங்கப்போகிற இடத்தில் ஆள் இருக்கிறது.

அப்போதுதான் அந்தத் துகளைப் பார்த்தாள். மெலிசாக, தனியாக, ஓரமெல்லாம் கத்திரித்தது போல நேராக. கதிரை விட்டதும் புள்ளிகள் பளிச்சென்று விழுந்தன. தாங்கியைச் சாய்க்கவிட்டாள், அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாய்ந்துகொண்டே போக, புள்ளிகள் ஒளிர்ந்தும் அணைந்தும் வந்தன. இதைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்கு எந்தப் பயமும் வருவதில்லை. கையெழுத்து இல்லை, வயசு ஏறவில்லை, அம்மா போனில் எப்பம்மா முடிப்பே என்று கேட்கவில்லை. கணிப்பொறி கணக்கைப் போட்டது. நிக்கல் முதலில் வந்தது, கனமான அணுவாயிற்றே, அதற்குத்தான் முதல் மரியாதை. அதைச் சுற்றி ஐந்து வந்தன. ஆறாவதாக, தலைமாட்டில், தண்ணீரின் ஆக்சிஜன் சின்ன உருண்டையாக எழுந்து நின்றது. இருக்கிறாயா என்று வாய்விட்டே கேட்டாள். பின்னால் கதவு திறந்தது.

தணிகாசலம் சார் உள்ளே வந்து திரையைப் பார்க்கவில்லை, தாங்கியின் வால்முனையில் வழிகிற புகையைத்தான் முதலில் பார்த்தார்.

"கோல்டா போட்டியா?"

"ஆமா சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"வார்மா போடச் சொன்னீங்க."

"அப்புறம்?"

அவள் திரையைக் காட்டினாள். "தண்ணி இருக்கு சார்" என்றாள்.

"ஐஸ்ம்மா அது. எத்தனை தடவை சொல்றது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல அலுப்போடு சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புதுசாப் போட நேரமில்ல. ஹீட்டர் இருக்குல்ல, உள்ள வச்சே வார்ம் பண்ணு. ஐஸ் எல்லாம் போயிரும். எனக்குக் காலியா வேணும்."

மாரீஸ்வரி அவரையே பார்த்தாள். இது அவளுக்கு ஏன் தோன்றவில்லை? ஒரு மாதமாக ஐஸ், ஐஸ் என்று செக்குமாடாகச் சுற்றியவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? அதே துகள், அதே வெற்றிடம், சூடு மட்டும் ஏறப்போகிறது. "சரி சார்" என்று திரும்பி ஹீட்டரைப் போட்டாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கதிரை மூடிவைத்தாள், துகள் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும், ஒரு தரம் எலக்ட்ரான் வாங்கிய உடம்பு இன்னொரு தரம் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை, அவள் வெறும் வாய்தான். தாங்கு, தாங்கு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். சூடு ஏறிக்கொண்டிருந்தது. சார் ஜன்னலோரம் நின்று போனில் யாரிடமோ சாப்பாடு ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார், குழுவில் இரண்டு பேர் சைவமாம். தாங்கு. எல்லாரும் கலக்கினார்கள், எல்லாரும் சொருகினார்கள், எல்லாரும் வெளியே போய் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள், நீ மட்டும் தாங்கு. சூடு அறைச் சூட்டுக்கு வந்ததும் கதிரைத் திறந்தாள். ஓரத்துப் புள்ளிகள் சில மங்கியிருந்தன, மற்றவை இருந்தன, அது போதும். சாய்த்தாள், வாங்கினாள், கணக்கைப் போட்டாள். நிக்கல் வந்தது. ஐந்து வந்தன. ஆறாவது இடத்தில் ஒன்றுமில்லை.

சார் போனை வைத்துவிட்டு வந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "பார்த்தியா? இதைத்தானே நான் காலைலயே கேட்டேன்."

"ஆமா சார். நீங்க சொன்ன மாதிரியே இப்ப காலி." அவள் முதல் படத்தை எடுத்து இரண்டாவதன் மேல் பொருத்தினாள். ஐந்தும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. நிக்கல் உட்காரவில்லை. காலியான இடத்தைவிட்டு விலகி, மிச்சமிருந்த ஐந்தின் பக்கம் நகர்ந்திருந்தது. "வெளிய ஒட்டியிருந்த ஐஸ் போனதுக்கு, உள்ள இருக்கற நிக்கல் ஏன் சார் நகரணும்? கைகோத்துட்டிருந்த தண்ணி போனாத்தானே நகரும்?"

அவர் அவளிடமிருந்து சுட்டியை வாங்கித் தானே அளந்தார். ஒரு தரம் அளந்தார், படத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு தரம் அளந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகம் பழைய வகுப்பில் பார்த்த முகமாக இருந்தது. அது அவளுக்கு வலித்தது. பிறகு சுட்டியை மேசையில் வைத்தார்.

"இது அவங்களுக்குத் தேவையில்லம்மா."

"எனக்குத் தேவை சார்."

"ரெண்டாவது படத்தை மட்டும் வை. அது பொய் இல்லையே. நீயேதானே எடுத்தே?"

"ரெண்டும் நான் எடுத்ததுதான் சார். ரெண்டையும் காட்டுவேன்."

"என் கையெழுத்து இல்லாம உன் தீசிஸ் இந்த பில்டிங்கை விட்டு நகராது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் காட்டுவே?"

"ஆமா சார்."

"நீ அந்த முதல் படத்தைப் போட்டேன்னா, நான் அந்த நிமிஷமே எந்திரிச்சு வெளிய போயிருவேன். சொல்லிட்டேன்."

அவள் முதல் படத்தைத் திரையில் முன்னால் கொண்டுவந்தாள். "போங்க சார். நீங்க எந்திரிச்சுப் போனாலும் தண்ணி எந்திரிச்சுப் போகாது."

அவர் கதவைத் திறந்துகொண்டு போனார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் மாடிப்படிவரை கேட்டது. மாரீஸ்வரி மூன்று மணிக்குக் காட்ட வேண்டிய கோப்பைத் திறந்தாள். அதில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.